அடிமை வியாபாரியின் கல்லறைக்குக் காவல்! கடலில் மாண்ட மாலுமிக்கு?

பொன்னேரியில் பஸ் ஏறினால் பழவேற்காட்டில் இறங்கலாம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் என்று மீனவர் குப்பங்கள். விடியுமுன் வலை தூக்கிப் போவார்கள். கிடைத்த இறாலையும் மடவையையும் வியாபாரி சொன்ன விலைக்குப் போடுவார்கள். வாங்கிய கடனுக்குக் கழித்தது போக மிஞ்சினால் அன்று அடுப்பு எரியும். நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கும், ஆலையில் தறி ஓட்டும் தொழிலாளிக்கும் இந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஊரிலே சர்க்கார் காவல் காக்கும் இடம் ஒன்று உண்டு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே போனால் பெரிய பெரிய கற்பலகைகள், டச்சு மொழி எழுத்துக்கள், குடும்பச் சின்னங்கள், இன்ன கனவான் இன்ன நாளில் இறந்தார் என்ற விவரங்கள். இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது அந்த இடம். கல்லைச் சேதப்படுத்தினால் சட்டப்படி தண்டனை!

யார் இந்தக் கனவான்கள்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும், வியாபாரிகளும், அவர்களுடைய குடும்பத்தாரும். 1613-ம் ஆண்டில் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதிலும் நடந்த அவர்களுடைய வியாபாரத்துக்கு இந்த ஊர்தான் பல காலம் தலைமையிடம். நெசவாளியின் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். தங்கள் யுத்தக் கப்பல்களுக்கு வேண்டிய வெடிமருந்தை இங்கேயே தயாரித்தார்கள். அத்தோடு நின்றார்களா? இல்லை. மனிதர்களையும் கப்பலேற்றினார்கள்! மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோதும், ராஜாக்களின் சண்டையில் கிராமங்கள் எரிந்தபோதும், ஒரு பிடி அரிசிக்குத் தன்னையும் தன் பிள்ளையையும் விற்கும் நிலைக்கு வந்த ஏழைகளை விலை பேசினார்கள். 17-ம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழரும் தெலுங்கரும் பட்டேவியாவுக்கும் மற்றக் கீழ்த்திசைத் தீவுகளுக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள்.

விற்றவனுக்குக் கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவனுக்கு எங்கே? வழியிலே கப்பலின் அடித்தட்டில் செத்து, கடலில் தூக்கி எறியப்பட்டவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இதே வங்கக் கடலில், வடக்கே விசாகப்பட்டினத்துக்கு எதிரே, கடலடியில் இன்னொரு கல்லறை கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசினால் "எதிரியின் கல்லறை" என்று வாயை அடைக்கிறார்கள் நமது தேசபக்தக் கனவான்கள். எதிரி என்றால் யார்? அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய சரியான இடம் பழவேற்காடுதான்!

கடலுக்கு அடியில் 93 பேர்

1971-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி மாலை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம் மூண்டது. அன்றிரவு விடிவதற்குள் பாகிஸ்தானின் 'காஜி' என்ற நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அருகே வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 93 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. யுத்தம் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் அவர்கள் கதை முடிந்துவிட்டது.

நவம்பர் நடுவிலே கராச்சியிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் வந்தது. 'விக்ராந்த்' என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தேடிச் சென்னைக்கு எதிரே உள்ள கடலிலும் அலைந்தது. பழவேற்காட்டு மீனவர் வலை வீசும் கடலுக்குப் பக்கத்துக் கடல்தான் அது. விக்ராந்தோ அதற்குள் அந்தமான் பக்கம் போய்விட்டது. பிறகு காஜி விசாகப்பட்டினத்துக்குத் திரும்பியது. துறைமுக வாயிலில் கண்ணிவெடி போடுவதும் அதற்கு இட்ட வேலை. அங்கேதான் அது அழிந்தது.

'ராஜ்புத்' என்ற நமது போர்க்கப்பல் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் அழிந்தது என்று இந்தியக் கடற்படை சொல்கிறது. தான் வைத்த கண்ணிவெடியோ, உள்ளே நேர்ந்த வெடிப்போதான் காரணம் என்று பாகிஸ்தான் சொல்கிறது. இந்த வழக்கை நிபுணர்கள் நடத்தட்டும். செத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் கடலில் எண்ணெய் மிதந்தது. உடைந்த சாமான்கள் மிதந்தன. அவற்றைக் கண்டு வந்து சொன்னவர்களில் மீனவர்களும் உண்டு. கடலில் யார் செத்தாலும் முதலில் எதிர்ப்படுவது மீனவன்தானே!

நீர்மூழ்கி என்றால் என்ன என்று ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்பு ஆலையின் பாய்லர் அறையை நினைத்துக் கொள்ளுங்கள். அதை நீளமான ஓர் இரும்புக் குழாய்க்குள் அடைத்து, மூடி போட்டு, கடலுக்குள் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? டீசல் நாற்றம், பாட்டரிப் புகை, வியர்வை, இரவும் பகலும் தெரியாத விளக்கு வெளிச்சம். காற்றைக்கூட அளந்துதான் மூச்சு விடவேண்டும். என்ஜினைப் பார்ப்பவன் ஒருவன், மின்சாரம் பார்ப்பவன் ஒருவன், டார்ப்பிடோவைத் தள்ளுபவன் ஒருவன், எல்லோருக்கும் சோறு பொங்குபவன் ஒருவன். இவர்கள் யார்? தொழிலாளிகள்! பஞ்சாபிலோ சிந்துவிலோ ஏதோ ஒரு கிராமத்தில் நிலம் இல்லாத வீட்டிலோ, கடன்பட்ட வீட்டிலோ பிறந்து, மாதச் சம்பளம் உண்டு என்று பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் ஜமீன்தார் பிள்ளை எங்கேயாவது சாதாரணச் சிப்பாயாக நின்றதுண்டா? இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

கப்பல் யாருடையது?

'காஜி' என்று பெயர் வைத்தது பாகிஸ்தான். அதற்கு முன்னால் அதன் பெயர் 'டயாப்ளோ'. ஸ்பானிய மொழியில் பிசாசு என்று பொருள்! அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் கட்டி, 1944-ம் ஆண்டு டிசம்பரில் நீரில் இறக்கினார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் வேலைக்கு வந்த கப்பல். இருபது வருஷம் ஓட்டித் தீர்த்தபின், 1964-ல் அமெரிக்க சர்க்கார் அதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகையாகக் கொடுத்தது. ராணுவ உதவியாம்! அடுத்த வருஷமே இந்திய-பாகிஸ்தான் யுத்தம் வந்தது.

பழைய பஸ்ஸைப் பெயிண்ட் அடித்து மலைப் பாதைக்கு அனுப்பும் முதலாளியை நாம் பார்த்திருக்கிறோம். விபத்து நடந்தால் டிரைவரும் கூலிக்காரனும் சாவார்கள். முதலாளி இன்ஷூரன்ஸ் வாங்குவார். வாஷிங்டன் எஜமானர்கள் செய்ததும் இதேதான்.

காஜி மூழ்கிய சில நாட்களில் அதே எஜமானர்கள் 'என்டர்பிரைஸ்' என்ற அணுசக்திக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பினார்கள். ஏழாவது கடற்படை வருகிறது என்று உலகத்தையே மிரட்டினார் நிக்சன். கிழக்கு வங்காளத்தில் லட்சக்கணக்கான மக்களைக் கொன்று குவித்த யாஹ்யாகான் சர்வாதிகாரத்துக்கு முட்டுக்கொடுக்கவே அந்தப் படை வந்தது. வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பர் 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. வங்கதேசம் பிறந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். டிசம்பர் 9-ம் தேதி, குஜராத் கரைக்கு எதிரே, நமது 'குக்ரி' என்ற கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி டார்ப்பிடோ போட்டு மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். மொத்தம் 194 குடும்பங்கள்! கப்பலை விட்டு இறங்க மறுத்துக் கேப்டன் முல்லாவும் கூடவே மூழ்கினார். குக்ரி பிரிட்டனில் கட்டிய கப்பல். ஹங்கோர் பிரான்சில் கட்டிய கப்பல். காஜி அமெரிக்கக் கப்பல். காஜியை வேட்டையாடிய ராஜ்புத்தும் பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பலே. விற்றவன் பணம் எண்ணினான். வாங்கியவன் மாலை போட்டுப் பூசை செய்தான். செத்தவன் மட்டும் இந்த மண்ணின் ஏழை!

"எதிரிக்கா நினைவுச் சின்னம்?"

குக்ரியின் வீரர்களுக்கு டையூவில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வேண்டியதுதான், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். விசாகப்பட்டினக் கடற்கரையில் 1971 வெற்றியின் நினைவுச் சின்னம் நிற்கிறது. சோவியத் யூனியனில் கட்டி, நமது கடற்படையில் முப்பது வருஷம் உழைத்த 'குர்சுரா' நீர்மூழ்கியையும் அதே கடற்கரையில் மணலில் ஏற்றிவைத்து, 2002-ம் ஆண்டு முதல் காட்சிச்சாலையாக நடத்துகிறார்கள். டிக்கெட் வாங்கிக் குழந்தைகள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். மாலுமி படுத்த பலகையைப் பார்த்து, "இவ்வளவு சின்ன இடத்திலா தூங்கினார்கள்?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் குழந்தைகள் நிற்கும் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், நீருக்கு அடியில், அதே மாதிரிப் பலகைகளில் படுத்திருந்த 93 பேர் கிடக்கிறார்கள். 2024-ம் ஆண்டில் நமது கடற்படையின் மீட்புக் கலம் காஜியின் சிதைவைக் கண்டது என்றும், மாண்டவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டது என்றும் செய்தி வெளிவந்தது. கடலில் உழைப்பவனுக்கு இந்த மரியாதை தெரிந்திருக்கிறது. கரையில் உட்கார்ந்து தேசபக்தி வியாபாரம் செய்கிறவனுக்குத்தான் தெரியவில்லை!

நாம் கேட்பது இதுதான்: அந்த 93 பேரின் பெயர்களையும் சொல்லும் ஒரு கல் நமது கரையில் நிற்கவேண்டும்.

உடனே கூச்சல் கிளம்பும். "வங்காளிகளைக் கொன்ற ஆட்சியின் கப்பலுக்கா மரியாதை?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலை மறைக்கத் தேவையில்லை. யாஹ்யாகான் ஆட்சி கொலைகார ஆட்சி. வங்கதேச மக்களின் போராட்டம் நியாயமான போராட்டம். இதில் இரண்டு பேச்சு கிடையாது. காஜி போன வேலை வெற்றி பெற்றிருந்தால் நமது மாலுமிகள் நூற்றுக்கணக்கில் செத்திருப்பார்கள். கொலைகாரர்களின் ஆயுள் நீண்டிருக்கும். ஆகவே காஜி போன வேலைக்கு நாம் கல் நாட்டச் சொல்லவில்லை. அனுப்பியவனுக்கு ஒரு கூழாங்கல்கூட வேண்டாம்! அனுப்பப்பட்டவனின் பெயரைத்தான் கேட்கிறோம்.

இந்த வித்தியாசம் பெரிது. அதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா வரை ஒரு நடை போய் வருவோம்.

கையால் சுற்றிய கப்பல்

யுத்தத்தில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த உலகின் முதல் நீர்மூழ்கி 'ஹன்லி'. அமெரிக்க உள்நாட்டு யுத்த காலத்தில், கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி விளைவித்த தென்பகுதிப் பிரபுக்கள் பக்கம் சண்டையிட்டது. பருத்தி ஏற்றுமதியை வடக்குக் கடற்படை முற்றுகை போட்டுத் தடுத்தது. முற்றுகைக் கப்பலை மூழ்கடித்தால் பெரும் இனாம் என்று அறிவிப்பு வந்தது. பணக்காரர் சிலர் முதல் போட்டு இந்தக் கப்பலைக் கட்டினார்கள்.

என்ஜின் கிடையாது. ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரு இரும்புத் தண்டைக் கையாலேயே சுற்றவேண்டும்! 1863-ல் ஒரு முறை மூழ்கி ஐந்து பேர் செத்தார்கள். தூக்கி எடுத்தார்கள். மறுபடியும் மூழ்கி எட்டுப் பேர் செத்தார்கள். மறுபடியும் தூக்கினார்கள், பிணங்களை எடுத்துவிட்டு வேறு எட்டுப் பேரை உட்கார வைத்தார்கள். 1864 பிப்ரவரி 17-ம் தேதி இரவு சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே 'ஹூசடோனிக்' என்ற கப்பலை வெடித்து மூழ்கடித்துவிட்டு, அந்த எட்டுப் பேரும் திரும்பி வரவே இல்லை. மூன்று தடவையும் சேர்த்து 21 உயிர்!

சார்ல்ஸ்டன் கடற்கரையில் ஹன்லியில் மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 2000-ம் ஆண்டில் கப்பலைக் கடலிலிருந்து தூக்கினார்கள். 2004 ஏப்ரலில், 140 வருஷம் கழித்து, கடைசி எட்டுப் பேருக்குப் பெரும் ஊர்வலத்தோடு சவ அடக்கம். அடிமைப் பிரபுக்களின் பழைய கொடிகள் பறந்தன. பழைய காலத்துப் பட்டாள உடை போட்டவர்கள் அணிவகுத்தார்கள். எலும்புகளை ஆராய்ந்தபோது தெரியவந்த செய்தி என்ன? அந்த எட்டுப் பேரில் பாதிப்பேர் ஐரோப்பாவில் பிறந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்! யாருடைய பருத்திக்காக அவர்கள் தண்டைச் சுற்றினார்கள்? கொடி பிடித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

செத்தவன் முதுகில் தன் கொடியை நட்டு, "பார், எங்கள் காரியம் எவ்வளவு புனிதமானது!" என்று காட்டும் சின்னம் ஒரு வகை. சார்ல்ஸ்டனில் நடந்தது அதுதான். பழவேற்காட்டுக் கல்லறையிலே அடிமை வியாபாரி தனக்குத் தானே செதுக்கிக்கொண்ட குடும்பச் சின்னமும் அந்த வகைதான். மாண்டவனின் பெயரைச் சொல்லி, அவனை அனுப்பியது யார், எதற்காக என்று அடுத்த தலைமுறையைக் கேட்கவைக்கும் சின்னம் இன்னொரு வகை. நாம் கேட்பது இரண்டாவது வகை.

அதே அமெரிக்க யுத்தத்திலே இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தன. வீட்டில் ரொட்டி இல்லை. அப்படியிருந்தும் 1862 டிசம்பர் 31-ம் தேதி மான்செஸ்டரில் கூட்டம் போட்டு, அடிமைத்தனத்தை ஒழிக்கும் பக்கமே நாங்கள் என்று லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். லிங்கன் பதிலும் எழுதினார். முதலாளிகளில் பலர் அடிமைப் பிரபுக்களின் பருத்திக்கு ஏங்கினார்கள்; பட்டினி கிடந்த தொழிலாளியோ கடல் கடந்த அடிமையின் பக்கம் நின்றான். எதிரி யார், சகோதரன் யார் என்ற கணக்கைத் தொழிலாளி போட்டால் இப்படித்தான் விடை வரும்.

ஒரே கப்பலில் இருந்தவர்கள்

நம் மாலுமிகளும் அந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான். 1946 பிப்ரவரி 18-ம் தேதி பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கெட்டுப்போன சோறு, வெள்ளை அதிகாரியின் வசவு, பாகுபாடான சம்பளம்: இவற்றில் தொடங்கியது, வெள்ளையனே வெளியேறு என்பதில் போய் நின்றது. கப்பல்களில் காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் சேர்ந்து பறந்தன. கராச்சியில் 'இந்துஸ்தான்' கப்பலின் மாலுமிகள் பிரிட்டிஷ் பீரங்கிக்கு நேர் நின்று சண்டையிட்டார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள்; துப்பாக்கிச் சூட்டில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னையிலும் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

கராச்சி மாலுமிக்காகப் பம்பாய் மாலுமி. பம்பாய் மாலுமிக்காகச் சென்னைத் தொழிலாளி! அடுத்த வருஷமே நாட்டை வெட்டினார்கள். கடற்படையையும் வெட்டினார்கள். ஒரே கப்பலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இரு கொடிகளின் கீழ் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். 25 வருஷம் கழித்து ஒருவன் காஜியில் செத்தான். ஒருவன் குக்ரியில் செத்தான்.

அனுப்பப்பட்டவன் எப்போதும் பேசாமல் போய்ச் சாவதில்லை என்பதற்கும் 1971-லேயே சாட்சி உண்டு. பாகிஸ்தானுக்காகப் பிரான்சில் கட்டிய 'மங்ரோ' என்ற நீர்மூழ்கி, அப்போது தூலோன் துறைமுகத்தில் நின்றது. டாக்காவில் படுகொலை தொடங்கிய செய்தி கேட்டதும், அதிலிருந்த வங்காளி மாலுமிகள் சிலர் மார்ச் இறுதியில் கப்பலை விட்டு நழுவினார்கள். நாடு நாடாகச் சுற்றி எட்டுப் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். முக்தி வாகினியின் கடற்படைக் கமாண்டோக்களுக்கு முதுகெலும்பாக நின்றார்கள். ஆகஸ்டில் அந்தக் கமாண்டோக்கள் வங்கதேசத் துறைமுகங்களில் ஒரே இரவில் கப்பல்களை வெடித்துத் தாக்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நீர்மூழ்கியின் இரும்புச் சுவர்கூட ஒரு மனிதனின் மனச்சாட்சியைப் பூட்டி வைக்க முடியவில்லை!

இந்த எட்டுப் பேருக்கு நாம் தலை வணங்குகிறோம். அப்படியானால் காஜியில் போன 93 பேரை வெறுக்கவேண்டுமா? எந்த வழியும் தெரியாமல், இரும்புக் குழாய்க்குள் பூட்டப்பட்டுச் செத்தவனை வெறுப்பதால் எட்டுப் பேரின் புகழ் ஒரு அங்குலம்கூட வளராது. வளர்வது அடுத்த யுத்தத்துக்கு ஆள் தேடுகிறவனின் வியாபாரம்தான்.

சரி, எதிரிக்குக் கல் வேண்டாம் என்கிற தேசபக்தரே! பழவேற்காட்டுக்கு வாரும். எங்கள் பாட்டன் பாட்டியை விலை பேசி விற்றவனுக்குக் கல் இருக்கிறதே, அவன் உமக்கு எதிரி இல்லையா? அவனுடைய கல்லறைக்குப் பொதுப் பணத்தில் காவல் போடலாம். சம்பளத்துக்குப் போய்க் கடலில் செத்தவனுக்குப் பெயர் எழுதக்கூடாது! இது என்ன நியாயம்? டச்சுக் கல்லறையை இடிக்கச் சொல்லவில்லை நாம். இருக்கட்டும். சரித்திரத்தின் சாட்சியாக இருக்கட்டும். அதன் வாசலிலேயே, இங்கிருந்து விற்கப்பட்டவர்களின் கதையும் பெரிய எழுத்தில் நிற்கட்டும். ஆனால் அடிமை வியாபாரிக்குக் காட்டும் பெருந்தன்மையில் பத்தில் ஒரு பங்கையாவது செத்துப்போன மாலுமிக்குக் காட்டுங்கள் என்கிறோம்.

உடல் கிடைக்காத வீடுகள்

இது எங்கோ உள்ள 93 பேரின் பிரச்சினை மட்டும் என்று பழவேற்காட்டு மீனவத் தாய்மார்கள் நினைக்கமாட்டார்கள். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகு கவிழும். திடீர்க் காற்றில் திசை மாறும். உடல் கரை ஒதுங்கினால் அழுது அடக்கம் செய்யலாம். ஒதுங்காவிட்டால்? தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

இதற்கு நமது சட்டம் சொல்லும் ஆறுதல் என்ன? ஏழு வருஷம் செய்தி இல்லாமல் இருந்தால்தான் ஒருவன் இறந்ததாக அனுமானிக்கலாம். 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்தின் விதி இது. 2023-ல் புதிய சட்டம் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தார்கள்; ஏழு வருஷம் அப்படியே இருக்கிறது! வெள்ளைக்காரன் போனான்; அவனுடைய ஏழு வருஷம் போகவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கடலில் மீனவர்கள் கூட்டம் கூட்டமாகக் காணாமற் போனார்கள். தேடுங்கள், தேடுங்கள் என்று கதறிய மக்கள், டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் காணாமற் போனவர் குடும்பங்களுக்கும் ஏழு வருஷம் காத்திராமல் 20 லட்ச ரூபாய் நிவாரணம் வந்தது. சட்டம் இளகியது தானாக அல்ல, ஜனங்கள் உட்கார்ந்ததால்! ஆனால் ஒரு பெரிய புயலில் நூற்றுக்கணக்கில் செத்தால்தான் சட்டம் இளகுமா? பழவேற்காட்டில் ஒற்றைப் படகு போனால், ஒற்றைக் குடும்பம் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமா?

கராச்சியிலும் லாகூரிலும் உடல் காணாத 93 வீடுகள். குக்ரியோடு போன 194 வீடுகள். பழவேற்காட்டுக் குப்பங்களில் கணக்கெடுக்காத வீடுகள். கடல் எல்லோரையும் ஒரே மாதிரிதான் விழுங்கியது. கரைதான் பிரித்துப் பார்க்கிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை.

வங்கக் கடற்கரையில் ஒரு பொதுக்கல் வேண்டும். அதிலே காஜியின் 93 பேர் பெயரும், குக்ரியின் 194 பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். பீரங்கி வேண்டாம், சிங்கம் வேண்டாம், மந்திரியின் பெயர் பொறித்த பளிங்கு வேண்டாம். அவர்களை அனுப்பியது யார், ஆயுதம் விற்றது யார் என்பதும் அதிலே எழுதப்படட்டும்.

பழவேற்காட்டுக் கரையில் கடலிலும் ஏரியிலும் மாண்ட மீனவர் ஒவ்வொருவர் பெயரையும் தாங்கிய கல் வேண்டும். டச்சுக் கல்லறையைக் காக்கும் சர்க்கார் இதையும் காக்கட்டும்.

கடலில் காணாமற் போன தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏழு வருஷக் காத்திருப்பு ஒழியவேண்டும். உடன் போனவர்களின் சாட்சியும், மீன்துறைப் பதிவும் போதும் என்று சட்டம் திருத்தப்படவேண்டும்.

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மூன்றாவது கோரிக்கைக்குத்தான் சட்டசபையும் பார்லிமெண்டும் வேண்டும், அதற்குப் போராடுவோம். முதல் இரண்டுக்கும் ஒரு கல்லும், உளியும், பெயர் சொல்ல வாயும் போதும். ஆலைச் சங்கம் ஒரு நாள் கூலி கொடுக்கட்டும். விவசாயத் தொழிலாளி ஒரு மரக்கால் நெல் கொடுக்கட்டும். குப்பத்துப் பஞ்சாயத்து இடம் காட்டட்டும். கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூடு நானூறு வருஷமாக யாருடைய சாவை எண்ணிக்கொண்டு நிற்கிறதோ தெரியாது. நம்முடைய சாவை நாமே எண்ணத் தொடங்குவோம், பெயர் சொல்லி, ஒருவர் விடாமல்!